பூதக்கண்ணாடியும் 74318-ம்

என் மனைவியை அவளுடைய அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்பார்கள். காதுபடவே சொல்வார்கள். அவளும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பாள், உள்ளூரப் பெருமைதான். நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் தனியார் வைத்திருக்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். பிரித்துப் பார்த்து, இது இன்ன துப்பாக்கி, இன்ன நம்பர் என்று அவள் எழுதினால்தான் உரிமம் நீளும். இருபத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பலூன் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ஆள்.

அவள் சேர்ந்தது டைப்பிஸ்டாக. அப்போது துப்பாக்கிகளைப் பரிசோதித்தவருக்குக் கொட்டாவி என்று பெயர். துப்பாக்கியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், ஒரு கொட்டாவி விடுவார், கண்ணில் பட்ட நம்பரைச் சொல்வார், இவள் தட்டுவாள். ஒரு வாரம் ஆனதும் இவள் தாளும் கையுமாகப் போய் நின்றிருக்கிறாள்.

"சார், பதினோரு துப்பாக்கிக்கும் ஒரே நம்பர் வருதே?"

"எல்லாம் ஒரே கம்பெனிம்மா."

"ஒரே கம்பெனின்னா ஒரே நம்பரா சார்? ஒரே ஆஸ்பத்திரில பொறந்தா ஒரே பேரா வைக்கிறாங்க?"

பேச்சு மேலதிகாரி காதுக்குப் போனது. "அவ்வளவு தெரிஞ்சா நீயே பாரேன்" என்று அவர் கிண்டலாகச் சொல்ல, இவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் தபால்தலை விற்பவரிடம் ஒரு பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டாள். கொட்டாவி ஐந்து வருடமாகத் துப்பாக்கி நம்பர் என்று படித்துக்கொண்டிருந்தது, தயாரிப்பாளர் தன் காப்புரிமைக்காக எல்லாத் துப்பாக்கியிலும் பொறித்த எண்ணை. சாயங்காலத்துக்குள் பதினோரு சரியான நம்பர்களும் தாளில் இருந்தன. அதில் இரண்டு, திருட்டுப் போனதாகப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தவை. கொட்டாவியைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. அங்கே தூக்கத்தைக் கெடுக்கத் துப்பாக்கி எதுவும் வராது.

நான் பல் செட் செய்கிறவன். பொய்ப்பல் செய்கிறவனுக்கும் உண்மைக்கும் வெகுதூரம் என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். கொட்டாவிக்கு ஒரு மேல்வரிசைப் பல் செட்டைக் கொடுக்கப் போனபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். நான் பெட்டியைத் திறந்ததும் எட்டிப் பார்த்து, "இடது பக்கம் மூணாவது பல் கொஞ்சம் திரும்பியிருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைக்குத் திரும்பி வந்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் திரும்பியிருந்தது. அடுத்த வாரம் அதைச் சரி செய்ததைச் சொல்லப் போனேன். அதற்கடுத்த வாரம் சொல்ல ஒன்றும் இல்லாமலேயே போனேன்.

அவள் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் மாடியில், ஜன்னல் ஓரத்தில், பச்சைக் கம்பளித் துணி விரித்த நீள மேசை. ஒரு ஓரத்தில் தோல் சுற்றிய பட்டறைப் பிடிப்பான். என் கடையிலிருந்து அவள் சுட்ட, பல் பார்க்கிற குட்டி வாய்க்கண்ணாடி ஒன்று, குழலின் அடிப்பக்கம் பார்க்க. பதினேழு திருப்புளிகள். ஒவ்வொன்றின் முனையையும் ஒவ்வொரு வகைத் திருகாணிக்குத் தக்கபடி அவளே தேய்த்து வைத்திருக்கிறாள். அதில் ஒன்றை எடுத்து ஒருவர் வண்ண டப்பா மூடியை நெம்பிவிட்டார் என்பதற்காக மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருந்தாள். அந்த ஒருவர் நான்.

அவளிடம் வருகிற துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் ஒரே ஜாதகம்தான். போர் முடிந்ததும் ராணுவத்தின் பழைய துப்பாக்கிகளைக் குவியல் குவியலாக விற்றார்கள். வேட்டைத் துப்பாக்கி புதிதாக வாங்க வக்கில்லாதவர்கள் அதை வாங்கி, முன்பக்கத்து நீளக் கட்டையை அறுத்து, கத்தி மாட்டும் கொக்கியைக் கழற்றி, குழலைக் குட்டையாக்கி, குறி பார்க்கிற ராணுவக் குறிமுள்ளைப் பிடுங்கிவிட்டுத் தொலைநோக்கி மாட்ட ஓட்டை போட்டு, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடுவார்கள். அப்புறம் பிள்ளைகள் காலத்தில் அதற்கு ஒரு கதை முளைக்கும். பேரப்பிள்ளைகள் காலத்தில் கதைக்கு மீசையும் முளைத்துவிடும்.

அப்படித்தான் ஒரு கட்டட கான்டிராக்டர் ஒரு நாள் வெல்வெட் உறையோடு வந்தார். அவருடைய தாத்தாவின் குறிதவறாமையைப் பார்த்து வியந்து ஓர் இளவரசர் தன் சொந்தத் துப்பாக்கியையே பரிசாகக் கொடுத்தாராம். இவள் கட்டையைக் கழற்றினாள். குழலில் ஓரிடத்தில் படிபோல ஒரு மேடு. பழைய குறிமுள் உட்கார்ந்திருந்த இடம். ஈயப்பற்று இன்னும் மினுங்கியது. கட்டையில், வார் மாட்டிய துளையை வேறு நிறக் கட்டை வைத்து அடைத்திருந்தார்கள். மேல்பக்கத்து இரும்பில், ஐந்து தோட்டாவை ஒரே தள்ளாகத் தள்ளுவதற்கான காடி. வேட்டைக்குப் போகிறவனுக்கு அந்த அவசரம் கிடையாது. எதிரில் நிற்பவன் திருப்பிச் சுடுகிறபோதுதான் அது வேண்டும்.

"இளவரசர் இருக்கட்டும் சார். அவருக்கு முன்னாடி இதை ஏதோ ஒரு சிப்பாய் வருஷக்கணக்கா தோள்ல சுமந்திருக்கான்."

"அப்போ இளவரசர்?"

"அவரை எழுத இந்தப் படிவத்துல இடம் இல்ல சார்."

வீட்டிலும் இதே தொல்லை. நான் ஆசையாக வாங்கி வந்த பழைய சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, "இது ஒரு சோபா இல்ல, மூணு சோபா" என்றவள் அவள். கைக்கடிகாரம், மேசை, மச்சினன் கொண்டுவந்த மிக்ஸி எதுவும் தப்பாது. எதைப் பார்த்தாலும் முதலில் திருகாணித் தலையைப் பார்ப்பாள். யாராவது முன்பே கழற்றியிருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இனி என் அப்பா. அவர் துப்பாக்கியைத் தொலைத்தவர். இதை நான் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அவருக்கு வேறு அடையாளமே கிடையாது. "யாரு, துப்பாக்கியைத் தொலைச்சவர் வீடா? மூணாவது வீடு" என்றுதான் தபால்காரருக்கே வழி சொல்வார்கள்.

இருபத்திரண்டு வயதில் அவர் சிப்பாய். பயிற்சி முகாமிலிருந்து மழையில் நனைந்தபடி எல்லோரும் திரும்பியிருக்கிறார்கள். துப்பாக்கிகளைக் கிடங்கில் தாங்கியில் நிறுத்திவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துவிட்டார்கள். விடிந்து எண்ணினால் ஒன்று குறைந்தது. அப்பாவுடையது. தாங்கியில் வைத்தேன் என்றார். வைத்ததற்குக் கையெழுத்து எங்கே என்றார்கள். இரண்டு மாதம் உள்ளே வைத்து விசாரித்துவிட்டு, விற்றுவிட்டான் என்று நேராகச் சொல்ல ஆதாரம் இல்லாததால் தொலைத்துவிட்டான் என்று எழுதி வெளியே துரத்தினார்கள். அதற்கப்புறம் ஐம்பது வருடம் சினிமா தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தார்.

துப்பாக்கியின் நம்பர் 74318. எனக்கு வாய்ப்பாடு தெரிவதற்கு முன்பே அது தெரியும். பள்ளிக்கூடத்தில் யாருடைய பென்சில் காணாமல் போனாலும் முதலில் என் பையைத்தான் கவிழ்ப்பார்கள். "அப்பன் துப்பாக்கியையே வித்தவன், இவன் பென்சிலை விடுவானா?" அப்பா வீட்டில் ஆயிரம் தடவை சொல்வார், நான் எடுக்கவில்லை என்று. அம்மா அடுப்படியிலிருந்தே "சரி, சரி" என்பாள். அந்த "சரி, சரி"க்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு ஏழு வயதிலேயே புரிந்துவிட்டது.

நானும் நம்பவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு துப்பாக்கிக்குக் கால் முளைக்குமா? ஏதோ வறுமை, ஏதோ சபலம், விற்றிருப்பார் என்றுதான் வளர்ந்தேன்.

அப்பாவை நம்பிய ஆள் ஒருவர் உண்டு. எண்ணெய் மாமா. அதே ராணுவக் கிடங்கில் துப்பாக்கி பழுதுபார்த்த மெக்கானிக். அப்பாவை விட நாலைந்து வயது பெரியவர். விசாரணையில் அப்பாவுக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். வேலையை விட்டபின் எங்கள் ஊருக்கே வந்து தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை போட்டார். அப்பாவுக்குத் தியேட்டர் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலையில் வருவார். சட்டைப்பையில் சின்ன எண்ணெய்க் குப்பி இருக்கும். எங்கள் வீட்டுக் கதவு கீச்சிட்டால் கேட்காமலே இரண்டு சொட்டு விடுவார். யாராவது அப்பாவைப் பற்றிச் சாடை பேசினால் எண்ணெய் மாமா எழுந்து நின்றுவிடுவார். "அவன் எடுக்கல. என் பொண்ணு தலைல அடிச்சு சத்தியம் பண்றேன், அவன் எடுக்கல." அப்பாவின் கண் கலங்கிவிடும். எனக்கோ, இந்த மனிதர் எவ்வளவு வெள்ளந்தி என்று பரிதாபமாக இருக்கும்.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது, பெண்ணுக்குத் துப்பாக்கிப் பரிசோதனை அலுவலகத்தில் வேலை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா சரி என்றுவிட்டார். அவள் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா, நான் எடுக்கலன்னா நீ நம்புவியா?"

"நம்பறது, நம்பாதது என் வேலை இல்ல மாமா. நம்பர் சொல்லுங்க. வந்தா பாப்பேன்."

வேறு யாராக இருந்தாலும் "ஐயோ, நம்பாம இருப்பேனா" என்று குழைந்திருப்பார்கள். அப்பாவுக்கு இந்தப் பதில்தான் பிடித்தது. அன்றிலிருந்து அவள் அலுவலகம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, "வந்துச்சா?" என்பார். "வரல மாமா" என்பாள். இருபத்தாறு வருடம். அவள் வேலைக்குப் போன நாட்களைக் கணக்குப் போட்டால் ஏழாயிரம் தடவைக்குக் குறையாது. ஒரு தடவைகூட இருவரும் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெய் மாமா துப்பாக்கி மெக்கானிக், என் மனைவி துப்பாக்கிப் பரிசோதகர். இரண்டு பேரும் சேர்ந்தால் வேறு யாரும் வாய் திறக்க முடியாது என்றுதான் நான் பயந்தேன். நடந்தது வேறு. அவள் ஏதாவது சந்தேகம் கேட்டால், "அதெல்லாம் மறந்து போச்சும்மா" என்று தையல் மெஷினுக்குத் தாவிவிடுவார். இவள் அதை ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "வயசாயிடுச்சுல்ல" என்றேன். "சைக்கிள் விடறது மறக்குமா?" என்றாள்.

எண்ணெய் மாமா எண்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதம் கழித்து அவர் மகள், ஒரு பழைய போர்வையில் சுற்றிய சாமானோடு என் மனைவியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அறுபதை நெருங்கிய, நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. நாங்கள் அக்கா என்போம்.

"பரண்ல இருந்துச்சு. அப்பா வேட்டைக்குப் போவார்னு அம்மா சொல்லியிருக்கா. உரிமம் எதுவும் காணோம். எங்க வீட்டுக்காரர் ஆத்துல போட்டுடலாம்னார். எனக்கு மனசு வரல. எப்படி ஒப்படைக்கணும்னு சொல்லு, கையெழுத்துப் போட்டுடறேன்."

அருமையான வேட்டைத் துப்பாக்கி என்று மனைவி பிறகு சொன்னாள். புதுக் கட்டை, கையால் செதுக்கி, ஒரு பிசிறில்லாமல் செய்தது. குட்டைக் குழல். தோட்டா ஏறுகிற இரும்புக்கூட்டில் இருந்த நம்பரைத் தேய்த்துவிட்டு மேலே வேறு நம்பர் குத்தியிருந்தது. குழலின் அடியில் இருந்ததையும் தேய்த்திருந்தது. ராணுவ முத்திரை என்று ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனாலும் ஐந்து தோட்டாக் காடி காட்டிக்கொடுத்தது, இது ராணுவத்துப் பிள்ளைதான் என்று. எந்தப் பிள்ளை என்பதுதான் தெரியவில்லை.

கடைசியாகப் போல்ட்டை உருவினாள். தோட்டாவை உள்ளே தள்ளி, வாயை அடைத்துப் பூட்டுகிற இரும்புத் தண்டு அது. அதுவும் இந்தத் துப்பாக்கியோடு பிறந்ததல்ல. எங்கோ கழித்துப் போட்டதிலிருந்து எடுத்துப் பொருத்தி, கைப்பிடியை வேட்டைக்கு வசதியாகக் கீழே வளைத்திருந்தது. நம்பர் உள்ள பழைய போல்ட்டைத் திருடன் புத்திசாலித்தனமாகத் தூர எறிந்திருக்கிறான். வளைந்த கைப்பிடியின் அடிப்பக்கத்தை அவள் வாய்க்கண்ணாடியில் பார்த்தாள். ஐந்து எண்கள்.

74318.

முதலில் அவளுக்கே புரியவில்லையாம், எல்லாத் தடயத்தையும் அழித்தவன் எதற்காக மாற்றிப் போட்ட போல்ட்டில் பழைய நம்பரைக் குத்தினான் என்று. ஒரு டீ குடித்து முடித்ததும் புரிந்திருக்கிறது. ராணுவக் கிடங்கில் அது சட்டம். ஒரு துப்பாக்கியின் போல்ட் இன்னொன்றில் மாறிப் போனால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கலாம். அதனால் புதுப் போல்ட்டைப் பொருத்தி, அளவு சரிபார்த்த கையோடு, துப்பாக்கியின் நம்பரை அதில் குத்திவிட்டுத்தான் மெக்கானிக் மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது என்று வருடக்கணக்காகச் செய்த கை. திருட்டுத் துப்பாக்கியானாலும் கைக்கு அது தெரியாது. பொருத்தியது, சரிபார்த்தது, குத்தியது. ராணுவம் போட்ட நம்பரையெல்லாம் தேடித் தேடித் தேய்த்தவருக்குத் தன் கை போட்ட நம்பர் கண்ணில் படவே இல்லை.

அன்று அவள் வந்து செருப்பைக் கழற்றினாள். "வந்துச்சா?" என்றார் அப்பா.

"தலை வலிக்குது மாமா" என்று உள்ளே போய்விட்டாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அறைக்குள் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள்.

"சொல்லாதே" என்றேன். "அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயசு. இருந்தது ஒரே சிநேகிதன். அவனும் செத்துப்போயாச்சு. இப்போ போய் அவன்தான் திருடன்னு சொன்னா அவருக்கு என்ன மிஞ்சும்?"

"அவர் திருடன் இல்லங்கறது மிஞ்சும்."

"அது எங்களுக்குத் தெரியாதா?"

பூதக்கண்ணாடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

என் தலையில் உள்ள திருகாணிகளையும் அவள் எப்போதோ பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

மறுநாள் மேலதிகாரியிடம் போய், இது என் மாமனார் விஷயம், நான் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். குண்டு எந்தப் பக்கம் வரும் என்று உறுதியாகத் தெரியாத மனிதர் அவர். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு குறியையும் லென்சில் காட்டி, அவர் கையாலேயே எழுத வைத்தாள். தேய்த்த நம்பரை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். இரும்பில் நம்பர் குத்தும்போது அடி ஆழம்வரை இறுகுமாம். மேலே தேய்த்தாலும் அமிலம் தடவினால் நிழலாக எழும்பும். ஏழு, நான்கு, எழும்பாத ஓர் இடம், ஒன்று, எட்டு என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் அப்பாவிடம் போனாள்.

"மாமா, வந்துச்சு."

அப்பா கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார். "நான் சட்டை மாத்திக்கிறேன்" என்றார்.

அலுவலகத்துக்கு நானும் போனேன். அவள் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தாள். கிழவர் முதல் காரியமாகப் போல்ட்டை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டார். டிக்கெட் கிழிக்கிற கையாகவே நான் பார்த்து வளர்ந்த கை அது. அப்புறம் துப்பாக்கியை மேலும் கீழும் பார்த்தார். முகம் சிவந்தது.

"எவன்டா இதை இப்படி மொட்டை அடிச்சது? முன்கட்டையைக் காணோம். குறிமுள்ளைக் காணோம். எவ்வளவு நல்ல துப்பாக்கி! நானூறு கஜத்துல தட்டை அடிப்பேன்டா இதால. அறிவுகெட்ட பய, நாசம் பண்ணி வச்சிருக்கானே!"

அவ்வளவு நாள் பட்ட அவமானம் எல்லாம் போய், துப்பாக்கிக்கு முடிவெட்டிவிட்டார்களே என்றுதான் அவருக்குக் கோபம். மேலதிகாரி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். யார் கொண்டுவந்தது என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்வதற்குத் தயாராகத்தான் இருந்தாள். அவள் போல்ட்டைத் திருப்பி, கண்ணாடியை நீட்டினாள். அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த நாலு சாஞ்சிருக்கு" என்றார்.

"ஆமா மாமா."

"கிடங்குல எல்லா போல்ட்லயும் நாலு இப்படித்தான் சாஞ்சிருக்கும். அவன் கை அப்படி. நாங்க கிண்டல் பண்ணுவோம்." கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியைத் தேடினார். நான்தான் பிடித்து உட்காரவைத்தேன்.

அக்காவை வரச்சொல்லியிருந்தார்கள். விஷயத்தை என் மனைவிதான் சொன்னாள், ஒளிவுமறைவில்லாமல். அக்கா நின்ற இடத்திலேயே அழுதாள். "மாமா, எங்கப்பா சார்பா நான் மன்னிப்பு..." என்று ஆரம்பித்தாள். அப்பா எரிந்து விழுந்தார். "நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? உனக்கு அப்போ ரெண்டு வயசு. தாங்கிலேர்ந்து நீயா எடுத்தே?" அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தானாகவே வந்து ஒப்படைத்ததால் அவள்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று மேலதிகாரி சொன்னார். அன்று அவர் பேசியதில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

துப்பாக்கி ராணுவத்துக்குத் திரும்பப் போனது. மூன்று மாதம் கழித்து அப்பாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மொத்தம் மூன்று வரி. அவர் மீது பதிவான குற்றம் தவறானது என்று தெரியவந்ததால் நீக்கப்படுகிறது என்று இருந்தது. வருந்துகிறோம் என்றெல்லாம் இல்லை. ஐம்பத்தேழு வருடத்துக்கு மூன்று வரி. நான் அந்த ஆபீஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டுக் கடிதத்தை அவளிடம் கொடுத்தார். அவள் முத்திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அசல்தான் மாமா" என்றாள். அதற்கப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது.

எனக்கு அப்போது தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"அப்பா, நானும் நம்பலப்பா. நீங்க வித்துட்டீங்கன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சேன்."

"தெரியும்டா" என்றார் அப்பா. கோபமே இல்லை. "உங்கம்மாவும் நம்பல, கடைசி வரைக்கும். எங்க அண்ணன் தம்பி யாரும் நம்பல. இந்த ஊர்லயே என்னை நம்பின ஆளு அவன் ஒருத்தன்தான்னு நெனச்சு, அந்தத் தெம்புலதான்டா நான் உயிரோட இருந்தேன்." கொஞ்சம் சிரித்தார். "நம்பாம என்ன பண்ணுவான், நாய்ப்பய. அவனுக்குத்தானே தெரியும்?"

திருடியவர் என் அப்பாவுக்காக மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார், ஒரு தடவை இல்லை, நூறு தடவை. ஐம்பத்து நாலு வயதுவரை நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.